நோவின்றிப் பெற்றவளா?

"வயிற்றை வெட்டித்தானே பிள்ளையை எடுத்தார்கள், பிள்ளைப் பேற்று நோவென்றால் என்னவென்று அவளுக்கு எங்கே தெரியப் போகிறது?" என்று பேசும் வழக்கம் நம் இல்லங்களிலிருந்து இன்னும் ஒழிந்தபாடில்லை. இப்பேச்சு, கேட்பவளின் மனத்தைப் புண்படுத்துவதோடு நின்றுவிட்டாலும் பொறுத்துக் கொள்ளலாம். அதனால் விளையும் தீங்கு அதனினும் பெரிது. நோவு படாதவள் என்று கருதப்படுபவளுக்கு ஓய்வு மறுக்கப்படுகின்றது. அவளும் தன் நோவை வாய்விட்டுச் சொல்ல நாணுகின்றாள். சொல்லாமல் அடக்கிய நோவு பின்னர் காய்ச்சலாகவும் சீழாகவும், சில வேளைகளில் உயிராபத்தாகவும் முடிகின்றது.

வேறு சில இல்லங்களிலோ இதற்கு நேர்மாறான நிலை. "தையல் பிரிந்துவிடும்" என்று அஞ்சி, தாயைக் கட்டிலை விட்டு இறங்கவிடாது வாரக்கணக்காகக் கிடத்தி வைக்கின்றார்கள். அன்பினாற் செய்யப்படுவதாயினும் இதுவும் தவறே. சிசேரியன் முறையிற் பிள்ளை பெற்றவள் பிள்ளை பெற்ற தாயாகவும், பெரிய சத்திர சிகிச்சைக்கு உட்பட்ட நோயாளியாகவும் ஒரே வேளையில் இருக்கின்றாள். இவ்விரண்டையும் மனத்திற் கொண்டு அவளைப் பேணுவது எங்ஙனம் என்பதையே இவ்வாரம் ஆராய்வோம்.

தையலின் கதை

இச்சிகிச்சையின் பெயர் ரோமாபுரித் தலைவன் ஜூலியஸ் சீசர் இவ்விதம் பிறந்தமையால் வந்தது என்று பலர் நம்புகின்றனர். அது கட்டுக்கதை. அக்காலத்தில் இறந்த அல்லது இறக்கும் தறுவாயிலிருந்த தாயின் வயிற்றையே இவ்வாறு திறந்தார்கள். சீசரின் அன்னையோ மகன் வளர்ந்து படைத்தலைவனான பின்னரும் உயிரோடிருந்தவர். சென்ற நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டிலுங்கூட இச்சிகிச்சைக்கு உட்பட்ட தாய்மாரிற் பெரும்பாலோர் பிழைக்கவில்லை. கருப்பையைத் தைக்காமல் அப்படியே விடுவதே அன்றைய வழக்கமாயிருந்தது. 1882 ஆம் ஆண்டில் மாக்ஸ் செங்கர் என்னும் ஜெர்மனிய வைத்தியர், கருப்பையின் வெட்டை முறையாகத் தைத்து மூடும் வழியை எடுத்துக் காட்டினார். அதன் பின்னரே தாய் பிழைப்பாள் என்ற நம்பிக்கை வலுப்பெற்றது. ஆகவே, தாய் உயிர் தப்புவதற்கு வழி செய்தது தையலே என்பதை நினைவிற் கொள்ள வேண்டும்.

வெளியே நாம் காண்பது அடிவயிற்றின் குறுக்கே ஒரு சாண் அளவுக்குக் குறைந்த ஒரு கோடு மட்டுமே. உள்ளே தோல், அதன் கீழுள்ள கொழுப்பு, தசைகளைப் போர்த்திருக்கும் உறுதியான சவ்வு, வயிற்றறையின் உட்சவ்வு, கருப்பை என ஒன்றன்பின் ஒன்றாகப் பல படைகள் திறக்கப்படுகின்றன. வயிற்றுத் தசைகள் பெரும்பாலும் வெட்டப்படுவதில்லை. இரு பக்கமும் விலக்கப்படுகின்றன. தோல் இரண்டொரு வாரத்திற் கூடிவிடும். உள்ளே இருக்கும் சவ்வோ ஆறு வாரமானாலும் தன் முழு வலுவை அடைவதில்லை. அதற்குப் பல மாதங்கள் செல்லும். "காயந்தான் ஆறிவிட்டதே" என்று வெளிக்கோட்டைப் பார்த்துத் தீர்ப்புக் கூறுவது எத்துணைத் தவறு என்பது இப்போது விளங்கும்.

எழுந்து நடப்பது ஏன்?

முன்னொரு காலத்தில் சத்திர சிகிச்சைக்குப் பின் இரண்டு வாரம் வரை படுக்கையிற் கிடத்துவதே வைத்தியசாலைகளின் வழக்கமாயிருந்தது. 1940 ஆம் ஆண்டுகளிலிருந்து அவ்வழக்கம் மாறத் தொடங்கிற்று. அசையாது கிடப்பவரின் கால் நாளங்களில் இரத்தம் உறைந்து கட்டியாகலாம். அக்கட்டி பெயர்ந்து நெஞ்சறைக்குச் சென்று நுரையீரலின் நாளத்தை அடைத்தால் உயிருக்கே ஆபத்து. பிள்ளை பெற்றவளுக்கு இயல்பாகவே இரத்தம் உறையுந் தன்மை மிகுந்திருக்கும். சத்திர சிகிச்சை அதனை மேலும் கூட்டும். இந்த ஆபத்து ஆறு வாரம் வரை நீடிக்கும். ஆதலினாலேயே இன்று முதல் நாளிலேயே தாயை எழுப்பி நடக்க வைக்கின்றார்கள். நடப்பதனாற் குடலும் விரைவில் இயங்கத் தொடங்கி, வாயு தேங்கி உண்டாகும் வயிற்று வலி தணியும்.

எழுவதற்கும் ஒரு முறை உண்டு. மல்லாந்து கிடந்தபடி தலையைத் தூக்கி எழ முயலலாகாது. முழங்கால்களை மடக்கி, உடலை ஒரு பக்கமாகப் புரட்டி, கால்களைக் கட்டிலுக்குக் கீழே விட்டு, கையை ஊன்றி எழுந்து உட்காருதல் வேண்டும். சற்று அமர்ந்திருந்து, தலைச்சுற்று இல்லையென்று கண்ட பின்னரே நிற்க வேண்டும். முதன்முறை எழும்போது பக்கத்தில் ஒருவர் நிற்பது அவசியம். இருமல், தும்மல், சிரிப்பு வந்தால் சிறு தலையணையொன்றை வயிற்றோடு சேர்த்து அழுத்திப் பிடித்தால் வலி குறையும்.

வைத்தியர் கொடுக்கும் வலிநிவாரணக் குளிகைகளைப் "பாலுக்கு ஆகாது" என்று ஒதுக்கிவிடுகின்ற தாய்மாரும் உளர். பரசிற்றமோல் போன்றவை பாலூட்டும் தாய்க்கு ஏற்றவை என்றே கொடுக்கப்படுகின்றன. வலியோடு போராடுபவள் நடக்கவும் மாட்டாள், ஆழ்ந்து மூச்சு விடவும் மாட்டாள், பிள்ளையை அமைதியாக அணைக்கவும் மாட்டாள். முதுகில் ஊசி ஏற்றியமையால் வாழ்நாள் முழுவதும் முதுகுவலி வரும் என்ற அச்சத்திற்கும் ஆதாரமில்லை. கருவுற்ற காலத்தில் முதுகு தாங்கிய பாரமும், கூனியிருந்து பாலூட்டுவதுமே பெரும்பாலும் அவ்வலிக்குக் காரணம். ஆயின், முதல் வாரத்தில் எழுந்து அமர்ந்தாற் கடுமையாகி, படுத்தால் தணியும் தலைவலி ஏற்படுமாயின் அதனை வைத்தியரிடம் கூற வேண்டும்.

காயமும் வேதும்

காயத்தை நாள்தோறும் தூய நீராற் கழுவி, தேய்க்காது, மெல்லிய துணியால் ஒற்றி உலர்த்தி வைத்தலே போதுமானது. மஞ்சள், எண்ணெய், பச்சிலைச் சாறு முதலியவற்றை ஆறாத காயத்தின் மேற் பூசலாகாது. பருத்தியாலான தளர்ந்த உள்ளாடையே நல்லது. கோட்டைச் சுற்றி மரத்துப் போனது போன்ற உணர்வும் அரிப்பும் பல மாதங்கள் இருக்கலாம், அஞ்ச வேண்டியதில்லை.

பாவட்டை, நொச்சி முதலிய இலைகளை அவித்த வேதுத் தண்ணீரில் முழுக வார்ப்பது நம் பாட்டிமார் காலத்திலிருந்து வரும் வழக்கம். களைத்த உடலுக்கு இளஞ்சூட்டு நீர் சுகமளிக்கும் என்பதில் ஐயமில்லை. ஆனால் கொதிக்கும் நீரை வயிற்றின்மேல் ஓங்கி அடிப்பது சாதாரணமாகப் பிள்ளை பெற்றவளுக்கே வேண்டாத ஒன்று. தையல் உள்ளவளுக்கு அது கொடுமை. மரத்துப்போன தோலுக்குச் சூடு தெரியாது. வெந்து புண்ணாகிய பின்னரே தெரியும். வயிற்றைச் சேலைத் துண்டாற் கட்டுவதும் அப்படியே. இலேசான கட்டு நடக்கும்போது ஆறுதல் தரும். மூச்சு முட்ட இறுக்கிக் கட்டினால் வயிறு சுருங்கிவிடும் என்பது வீண் எண்ணம்.

பத்தியம்

நம் பத்தியச் சாப்பாட்டில் நன்மை நிறைய உண்டு. மிளகு, சீரகம், மல்லி, உள்ளி சேர்த்து அரைத்த சரக்குக் கறியும், பாற்சுறாவும், பிஞ்சு முருங்கைக்காயும் பெற்றவளுக்கு உகந்த உணவே. புண் ஆறுவதற்குப் புரதம் வேண்டும். மீனும் முட்டையும் பருப்பும் அதனைத் தருவன. பிழை எங்கேயெனில், தண்ணீரைக் குறைப்பதிலும், கீரையையும் பழத்தையும் "குளிர்" என்று விலக்குவதிலுமே உள்ளது. பாலூட்டுபவளுக்குத் தாகம் மிகும். அவள் வேண்டிய மட்டும் நீர் அருந்த வேண்டும். நீரும் நாருமின்றி மலம் இறுகினால், முக்கும்போது காயம் படும் பாட்டை அவள் யாரிடம் சொல்வாள்? பப்பாசிப் பழமும் வாழைப்பழமும் கீரையும் அவளுக்கு மறுக்கப்படலாகாது.

சத்திர சிகிச்சையில் இரத்த இழப்பு அதிகம். ஆதலின் வைத்தியசாலையிலும் தாய் சேய் நல நிலையத்திலும் தரப்படும் இரும்புச் சத்துக் குளிகையைத் தவறாது உட்கொள்ள வேண்டும். அதனைத் தேநீரோடு விழுங்கினால் பயனிற் பெரும்பகுதி வீணாகும். தேசிக்காய்த் தண்ணீரோடு எடுத்தால் நன்கு சேரும். சில வீடுகளில் முட்டைக் கோப்பியிற் பிராந்தி கலந்து கொடுப்பதுண்டு. மதுசாரம் தாய்ப்பாலிற் கலக்கும்; குளிகைகளோடும் ஒத்துப்போகாது. முட்டை இருக்கட்டும், பிராந்தியை விட்டுவிடுங்கள்.

பாலூட்டல்

பால் சுரப்பது ஓரிரு நாள் தாமதமாகலாம். "வெட்டிப் பெற்றவளுக்குப் பால் வராது" என்று உடனே புட்டிப்பாலுக்கு ஓட வேண்டாம். பிள்ளையை அடிக்கடி மார்பில் விடுவதே பால் சுரக்கும் வழி. பக்கமாகப் படுத்துக்கொண்டோ, பிள்ளையின் கால்கள் தாயின் கக்கத்தின் கீழாகப் பின்புறம் நீண்டிருக்குமாறு தலையணைமேல் வைத்தோ பாலூட்டினால் காயத்தின்மேற் பாரம் விழாது. பாலூட்டும் வேளையில் அடிவயிறு இழுத்துப் பிடிப்பது கருப்பை சுருங்குவதன் அறிகுறி, அது நன்மைக்கே.

வீட்டார் கடன்

முதல் ஆறு வாரமும் தன் பிள்ளையின் எடைக்கு மேற்பட்ட எதனையும் தாய் தூக்கலாகாது. சொல்வதற்கு எளிது, இல்லத்தில் நடப்பது வேறு. யாழ்ப்பாணத்துக் கிணற்றில் வாளியால் நீர் அள்ளுவதும், மலையகத் தோட்டத்தில் ஏற்ற இறக்கமான படிகளில் தண்ணீர்க் குடமும் விறகும் சுமப்பதும், கொழும்பு மாடி வீட்டில் எரிவாயு உருளையை நகர்த்துவதும் எல்லாம் பாரந்தான். இவற்றை அவளுக்குப் பதிலாகச் செய்பவர் யார் என்பதை அவள் வைத்தியசாலைக்குப் போகுமுன்னரே கணவரும் மாமியாரும் இருந்து பேசித் தீர்மானிக்க வேண்டும். மூத்த பிள்ளை "தூக்கு" என்று அழுதால், தாய் அமர்ந்து கொள்ள, பிள்ளை தானே மடியில் ஏறட்டும். முப்பத்தொராம் நாள் துடக்குக் கழிவை விருந்தாக்கி, பெற்றவளையே அடுப்படியிலும் வாசலிலும் நிறுத்தி வைப்பதையும் தவிர்த்துக் கொள்ளலாம்.

வயிற்றைக் குறைக்கும் அப்பியாசங்களுக்கு அவசரம் வேண்டாம். ஆழ்ந்து மூச்சு விடுதல், சிறுநீரை அடக்குவது போல் அடித்தசைகளை இறுக்கித் தளர்த்தல், நாளுக்கு நாள் சற்றே கூட்டி நடத்தல் ஆகியவை தொடக்கத்திற்குப் போதும். மற்றவை ஆறாவது வாரப் பரிசோதனைக்குப் பின், வைத்தியரின் அனுமதியோடு.

வாய்திறக்க வேண்டிய வேளை

"பெற்ற உடம்பு அப்படித்தான் இருக்கும்" என்று ஒதுக்கிவிடலாகாத அறிகுறிகள் சில உள. காய்ச்சலும் நடுக்கமும், காயம் சிவந்து வீங்குதல், சீழ் வடிதல், விரிதல், நாற்றமுள்ள போக்கு, ஒரு மணி நேரத்துள் ஒரு சுகாதாரத் துவாய் முழுதும் நனையுமளவு இரத்தம், ஒரு காலில் மட்டும் வீக்கமும் வலியும், நெஞ்சு வலி அல்லது மூச்சுத் திணறல், கடுந் தலைவலியோடு பார்வை மங்குதல். இவற்றுள் ஒன்று கண்டாலும் நள்ளிரவானாலும் வைத்தியசாலைக்குச் செல்லுதல் வேண்டும். விடியட்டும் என்று காத்திருப்பது தகாது.

உள்ளத்தின் நோவும் நோவே. முதல் வாரத்தில் காரணமின்றிக் கண்ணீர் வருவது பலருக்கும் இயல்பு. இரண்டு வாரத்திற்கு மேலும் துயரம் நீங்காது, உறக்கமும் உணவும் வெறுத்து, பிள்ளைமேற் பற்றின்றி இருந்தால் அது சிகிச்சை வேண்டும் நோய், குணக்கேடு அன்று. தன்னையோ பிள்ளையையோ மாய்த்துக்கொள்ளும் எண்ணம் எழுந்தால் ஒரு நாளும் தாமதிக்கலாகாது.

நம் நாட்டில் 1926 ஆம் ஆண்டிற் களுத்துறையில் முதற் சுகாதாரப் பிரிவு தொடங்கப்பட்டது. அவ்வழி வளர்ந்த ஏற்பாட்டின் பயனாக மருத்துவ மாது இன்றும் வீடு தேடி வருகின்றார். பிள்ளையை நிறுத்துப் பார்ப்பதோடு அவரை அனுப்பிவிடாதீர்கள். காயத்தைக் காட்டுங்கள், கூச்சத்தால் மறைத்ததைக் கேளுங்கள். தாய் அவரோடு தனித்துப் பேச இடங்கொடுப்பது மாமியாரின் பெருந்தன்மையாகும்.

அடுத்த பிள்ளைக்கு அவசரம் வேண்டாம். கருப்பையின் தழும்பு உறுதிப்படுமுன் மீண்டும் கருவுற்றால் அது பிரியும் ஆபத்துண்டு. ஒரு பிள்ளைப் பேற்றுக்குப் பின் குறைந்தது இரண்டு ஆண்டுகளேனும் பொறுத்துக் கருவுறுதல் நலம் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. ஒருமுறை சிசேரியன் என்றால் எப்போதும் அதுவே என்பதுமில்லை. முதற் சிகிச்சையின் காரணத்தையும் வெட்டின் வகையையும் பொறுத்துச் சிலர் இயல்பாகவே பெறலாம். அதற்காகவே, வைத்தியசாலையிலிருந்து வீடு செல்லும்போது தரப்படும் அட்டையைப் பத்திரமாக வைத்திருங்கள்.

ஆகவே சகோதரிகளே, அடுத்த முறை உங்கள் மகளோ மருமகளோ அயல் வீட்டுப் பெண்ணோ இவ்விதம் பிள்ளையோடு வீடு திரும்பும்போது, "பிள்ளை யார் சாயல்?" என்று கேட்பதற்கு முன், "உனக்கு எங்கே நோகின்றது?" என்று கேளுங்கள். அவள் பதில் சொல்லும் வரை பொறுத்திருங்கள்.