பிளஸ் ஒன்னில் உளவியல்: கணவாய்க்கு இந்தப் பக்கமும் வேண்டும்

பத்தாம் வகுப்பு முடிவு வந்துவிட்டால் தென்காசி, செங்கோட்டை, கடையநல்லூர் என்று எந்த ஊரிலும் வீட்டுக்கு வீடு ஒரே பேச்சுதான்: எந்த குரூப்? உயிரியல் எடுத்தால் நீட் எழுதலாம், கணினி அறிவியல் எடுத்தால் மத்தளம்பாறை ஜோஹோவில் வேலை தேடலாம், வணிகவியல் எடுத்தால் பி.காம்., பிறகு சி.ஏ. இந்தப் பேச்சுக்கு நடுவே ஒரு பிள்ளை தனக்கு உளவியல் படிக்க ஆசை என்று சொன்னால், அதற்குமேல் யாருக்கும் பேச ஒன்றும் இருக்காது. நம் மாநிலப் பாடத்திட்டப் பள்ளிகளின் வழக்கமான குரூப்களில் அந்தப் பாடமே இல்லை. ஆரியங்காவு கணவாயைத் தாண்டிப் புனலூர் பக்கம் போனால் நிலைமை வேறு. கேரள மேல்நிலைக் கல்வியில் உளவியலும் ஒரு விருப்பப் பாடம். சிபிஎஸ்இ பாடத்திட்டத்திலும் 11, 12ஆம் வகுப்புகளுக்கு அது உண்டு. எழுத்துத் தேர்வுக்கு 70, செய்முறைக்கு 30 மதிப்பெண். வாய்ப்புள்ள மாணவர் இதை எடுக்கலாமா என்று கேட்டால், எடுக்கலாம் என்பேன். ஆனால் அறிவியல் பாடம் என்று தெரிந்து எடுக்க வேண்டும். அரசுப் பள்ளி மாணவருக்கும் அந்த வாய்ப்பு வேண்டும் என்று கேட்பதற்கும் இதே காரணம்தான்.

உளவியல் என்றதும் பலருக்கும் தோன்றுவது, எதிரில் இருப்பவர் மனதில் இருப்பதைக் கண்டுபிடிக்கும் வித்தை, அல்லது துயரப்படுபவருக்கு ஆறுதல் சொல்லும் தொழில். பாடநூலைத் திறந்தால் இருப்பது வேறு: ஆய்வு முறைகள், புலனுணர்வு, கற்றல், நினைவு, சிந்தனை. 1885இல் ஹெர்மன் எபிங்ஹாஸ் என்ற ஜெர்மானியர், பொருளில்லாத அசைகளைத் தானே மனப்பாடம் செய்து, எத்தனை மணி நேரத்தில் எவ்வளவு மறக்கிறது என்று அளந்து எழுதினார். 2006இல் அமெரிக்காவில் ரோடிகர், கார்ப்பிக் என்ற இருவர் கல்லூரி மாணவர்களிடம் இன்னொரு சோதனை நடத்தினார்கள். ஒரு பகுதியினர் பாடத்தைத் திரும்பத் திரும்பப் படித்தார்கள். மற்றவர்கள் ஒருமுறை படித்துவிட்டுப் புத்தகத்தை மூடி, நினைவில் இருந்ததை எழுதிப் பார்த்தார்கள். ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது திரும்பப் படித்தவர்கள் முந்தினார்கள். ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது எழுதிப் பார்த்தவர்களுக்கே அதிகம் நினைவிருந்தது. விடிய விடிய ஒரே பக்கத்தைப் புரட்டிப் பொதுத்தேர்வுக்குத் தயாராகும் நம் பிள்ளைகளுக்கு இதைவிடப் பயனுள்ள செய்தி வேறு என்ன இருக்க முடியும்? பன்னிரண்டு ஆண்டுகள் கற்கச் சொல்கிறோம். மனம் எப்படிக் கற்கிறது என்பதை மட்டும் சொல்லித் தருவதில்லை.

குற்றாலத்தையே எடுத்துக்கொள்வோம். சாரல் காலத்தில் அருவிக்கரையில் ஆயிரக்கணக்கானோர் கூடும் இடம். 2024 மே 17 அன்று பழைய குற்றாலத்தில் திடீரென வந்த வெள்ளம் 17 வயதுச் சிறுவன் ஒருவனின் உயிரைக் கொண்டுபோனது. அன்றைய வெள்ளம் கண்ணிமைக்கும் நேரத்தில் வந்தது. அங்கிருந்தவர்களைக் குறை சொல்ல முடியாது. ஆனால் கூட்டத்துக்குள் நிற்கும் மனிதர் ஆபத்தின் அறிகுறியை எப்படி எடுத்துக்கொள்கிறார் என்பது இந்த மாவட்டத்துக்கு உயிரோடு தொடர்புள்ள கேள்வி. 1968இல் லட்டானே, டார்லி என்ற இரு ஆய்வாளர்கள், மாணவர்கள் காத்திருந்த அறைக்குள் புகையைச் செலுத்திப் பார்த்தார்கள். தனியாக இருந்தவர்களில் நான்கில் மூன்று பேர் வெளியே வந்து தகவல் சொன்னார்கள். எதுவும் நடக்காததுபோல் இருக்கச் சொல்லிவைத்த இருவரோடு உட்கார்ந்தவர்களில் பத்தில் ஒருவரே எழுந்து வந்தார். மற்றவர் முகத்தைப் பார்த்துவிட்டு நாமும் சும்மா இருந்துவிடுகிறோம். அருவிக்கரை எச்சரிக்கை எப்படி ஒலிக்க வேண்டும், யார் சொன்னால் கூட்டம் நகரும் என்பதையெல்லாம் செய்முறைப் பாடமாக ஆராயத் தென்காசி மாணவர் வெளியூர் போக வேண்டியதில்லை.

வேலை கிடைக்குமா, கட்-ஆஃப் என்னாவது என்று பெற்றோர் கேட்பது நியாயம். நீட் தேர்வுக்கு இயற்பியல், வேதியியல், உயிரியல் கட்டாயம் தேவை. மருத்துவத்தில் உறுதியாக இருப்பவர் அவற்றை விட்டுவிடக் கூடாது. மனநல மருத்துவர் ஆக நினைப்பவருக்கும் இதே விதிதான், அவர் முதலில் எம்.பி.பி.எஸ். முடிக்க வேண்டும். மருத்துவ உளவியலாளராக வேண்டுமானால் இந்திய மறுவாழ்வுக் கவுன்சில் அங்கீகரித்த பயிற்சியை முடித்து அங்கே பதிவு செய்ய வேண்டும். நீண்ட பாதை அது. பிளஸ் டூ மதிப்பெண்ணை வைத்துக்கொண்டு யாரும் ஆலோசகராகிவிட முடியாது. இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். பெரும்பாலான கல்லூரிகளில் பி.எஸ்சி. உளவியலில் சேரப் பள்ளியில் உளவியல் படித்திருக்கத் தேவையில்லை. ஆகவே பாடம் கிடைக்காத மாணவர் மனம் உடைய வேண்டாம். உயிரியலோ புள்ளியியலோ உள்ள குரூப்பை எடுத்தால் கல்லூரியில் அது கைகொடுக்கும். எண்களைக் கண்டாலே ஒதுங்குபவர்கள் உளவியலை எளிதான புகலிடமாக நினைத்து வருகிறார்கள். அவர்களுக்குத்தான் அங்கே ஏமாற்றம் காத்திருக்கிறது.

உளவியல் உறுதியான அறிவியல்தானா என்பது இதைவிடக் கனமான கேள்வி. 2015இல் வெளியான ஒரு கூட்டாய்வு, உளவியல் இதழ்களில் வந்த 100 ஆய்வுகளைத் திரும்பச் செய்து பார்த்தது. மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று அதிகமானவற்றில்தான் முதலில் சொன்ன முடிவு மறுபடியும் உறுதியானது. இந்தத் துறைக்கு இது பெரிய அடி. ஆனால் அந்தச் சோதனையை நடத்தியவர்களும் உளவியலாளர்களே. குறையைத் தாங்களே கண்டு, தாங்களே ஊரறியச் சொன்னார்கள். கைப்பேசியில் வரும் ஒவ்வொரு ‘ஆய்வு சொல்கிறது’ செய்தியையும் நம்பிப் பகிரும் காலத்தில், எத்தனை பேரிடம் சோதித்தார்கள், மறுபடி செய்தால் அதே முடிவு வருமா என்று பதினாறு வயதில் கேட்கப் பழகுவது சிறிய பயன் அல்ல.

அரைகுறை அறிவு ஆபத்து, பிள்ளைகள் ஒருவருக்கொருவர் நோய்ப்பெயர் சூட்டிக்கொள்வார்கள் என்ற அச்சமும் உண்டு. இன்று மட்டும் என்ன நடக்கிறது? அந்தப் பெயர்களெல்லாம் ஏற்கெனவே கைப்பேசி வழியாக வந்துவிட்டன. வராதது அவற்றின் சரியான பொருள். 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் சங்கிலியால் கட்டப்பட்டிருந்த மனநோயாளிகள் 28 பேர் தீயில் மாண்டது நம் மாநிலத்தில்தான். 2022இல் தமிழ்நாட்டில் 19,834 பேர் தற்கொலை செய்துகொண்டதாகத் தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் பதிவு செய்தது. மகாராஷ்டிரத்துக்கு அடுத்த இடம் நமக்கு. ஒரு பாடம் இதைத் தடுத்துவிடும் என்று சொல்ல மாட்டேன். மனநோய்க்கும் சாபத்துக்கும் தொடர்பில்லை, அதற்குச் சிகிச்சை உண்டு என்று தெரிந்த ஒரு தலைமுறையை அது உருவாக்கும். அதே சமயம், தன் வேதனைக்கு மருந்து தேடி இந்தப் பாடத்தை எடுக்க நினைக்கும் மாணவர் முதலில் மருத்துவரைப் பார்க்க வேண்டும், அல்லது 14416 என்ற இலவச எண்ணை அழைக்க வேண்டும். பாடநூல் சிகிச்சை ஆகாது.

யார் கற்பிப்பது என்று அரசு கேட்கலாம். பி.எட். படிக்கும் ஒவ்வொருவருக்கும் கல்வி உளவியல் பாடமாக இருக்கிறது; ஆசிரியர் தகுதித் தேர்வில் குழந்தை மேம்பாட்டுக்கு 30 மதிப்பெண் ஒதுக்கியிருக்கிறார்கள். கற்பிப்பவருக்குத் தேவை என்று அரசே ஒப்புக்கொண்ட அறிவு, கற்பவருக்கு மட்டும் வேண்டாமா? மேல்நிலை வகுப்புக்கு அந்த அளவு போதாது, உளவியலில் முதுகலை முடித்தவர்களை நியமிக்க வேண்டும். என்சிஇஆர்டியின் உளவியல் நூல்கள் ஆங்கிலத்திலும் இந்தியிலும் இருக்கின்றன. கல்லூரிப் பாடநூல்களையே தமிழில் கொண்டுவந்த மாநிலத்துக்கு ஒரு பள்ளிப் பாடநூல் எழுதுவது பெரிய காரியமல்ல. 2025 மாநிலக் கல்விக் கொள்கைக்குப் பிறகு பிளஸ் ஒன் பொதுத்தேர்வும் இல்லை. புதிய பாடம் ஒன்றைத் தொடங்க இதைவிட நல்ல நேரம் வாய்க்காது. எல்லாப் பள்ளிகளிலும் ஒரே நாளில் வேண்டாம். மாவட்டத்துக்கு ஓர் அரசு மேல்நிலைப் பள்ளியில் தொடங்கட்டும். பள்ளிக் கல்வித் துறை அந்த முதல் பட்டியலில் தென்காசியையும் சேர்க்க வேண்டும்.