மேக்கப் பிரஷ்ஷும் பொத்தேரி போர் தண்ணியும்

மேக்கப் பிரஷ் கழுவ எது நல்லதுன்னு தேடினா ரெண்டே பதில்தான் கிடைக்குது. ஒண்ணு, சில நூறு ரூபாய் விலை போட்ட ஒரு பாட்டில். இன்னொண்ணு, "குளியல் சோப்பே போதும்". என் கட்சி ரெண்டுமே இல்லை. பொத்தேரி, கூடுவாஞ்சேரி, ஊரப்பாக்கம் பக்கம் இருக்கிறவங்க முதல்ல பார்க்க வேண்டியது குழாயில வர்ற தண்ணியைத்தான்.

ஏன்னு சொல்றேன். நம்ம ஏரியா ஹாஸ்டல், அபார்ட்மெண்ட் பலதுலயும் குளிக்க, துவைக்க வர்றது போர் தண்ணி, இல்லைன்னா லாரி தண்ணி. பக்கெட்ல வெள்ளை வெள்ளையா படியுதே, அது கால்சியம், மெக்னீசியம் உப்பு. சோப்புங்கிறது கொழுப்பு அமிலத்தோட சோடியம் உப்பு. உப்புத் தண்ணில பட்டதும் சோடியம் இருந்த இடத்துல கால்சியம் போய் உக்காந்துக்கும். அப்புறம் அது கரையாது, நுரையும் வராது, பிசுக்கா திரியும். பக்கெட்ல ஒட்டினா தேய்ச்சு எடுத்துடலாம். பிரஷ் முடிக்கு நடுவுல ஒட்டினா? காய்ஞ்சதும் முடி விறைச்சு, கன்னத்துல குத்தும். பழி மட்டும் பிரஷ் கம்பெனி மேல :-)

பொறியியல் படிச்ச மக்களுக்கு முதல் வருஷ கெமிஸ்ட்ரி லேப் ஞாபகம் இருக்கா? ஈடிடிஏ ஊத்தி, ஒயின் ரெட் நீலமா மாறுற வரைக்கும் சொட்டு சொட்டா விட்டோமே, அது இந்த ஹார்ட்னெஸ்ஸை அளக்கத்தான். குடிநீருக்கான இந்தியத் தரம் (ஐஎஸ் 10500) லிட்டருக்கு 200 மில்லிகிராம் வரை ஏத்துக்குது, வேற வழியே இல்லைன்னா 600. அதே ஈடிடிஏ பல ஷாம்புகள்லயும் இருக்கு, பின்னாடி பொடி எழுத்துல பாருங்க. வேலையும் அதேதான், கால்சியத்தைப் பிடிச்சு வைக்கிறது. ஷாம்புல அழுக்கு எடுக்கிற சரக்கும் சோப்பு மாதிரி உப்புத் தண்ணில திரிஞ்சு போகாது.

அதனால என் ஓட்டு சாதாரண ஷாம்பு சாஷேக்குத்தான். ஷாம்புவை சாஷேல அடைச்சு விக்கிறதுல முன்னோடி நம்ம கடலூர் சின்னி கிருஷ்ணன். அவர் மகன் சி.கே.ரங்கநாதன் 1983-ல ஆரம்பிச்சதுதான் சிக் ஷாம்பு. கண்டிஷனர் கலக்காத ஷாம்புவா பார்த்து வாங்குங்க. கண்டிஷனர் முடி மேல வழவழன்னு படிஞ்சா பவுடர் ஒட்டாது. வாட்டர்ப்ரூஃப் ஐலைனர், ஃபவுண்டேஷன் பிரஷ்னா முதல்ல ரெண்டு சொட்டு தேங்காய் எண்ணெய். கூத்துக் கலைஞர்கள் அரிதாரம் கலைக்கிற அதே வித்தைதான். அப்புறம் ஷாம்பு. கடைசி அலசலுக்கு மட்டும் ஒரு டம்ளர் கேன் தண்ணி. பிரஷ்ஷை தலைகீழாவோ படுக்கவோ வச்சு காய வைங்க. நிமிர்த்தி வச்சா தண்ணி தகரப் பூணுக்குள்ள இறங்கி பசையை இளக்கிடும், முடி கொட்டும்.

இது வெறும் பத்தியம்னு நினைக்காதீங்க. இங்கிலாந்தின் ஆஸ்டன் பல்கலைக்கழகம் 2019-ல வெளியிட்ட ஆய்வுல, பயன்பாட்டுல இருந்த மேக்கப் சாமான்ல பத்துக்கு எட்டொன்பதுல கிருமி. பூசுற ஸ்பாஞ்சுல 93 சதவீதம் ஒரு தடவை கூட கழுவாதது! அமெரிக்கத் தோல் மருத்துவர்கள் சங்கம் 7-10 நாளைக்கு ஒரு தடவை கழுவச் சொல்லுது.

நம்ம வீட்டுப் பிரஷ் நம்ம மூஞ்சியோட போச்சு. முகூர்த்த நாள்ல மணப்பெண், நாத்தனார், தோழின்னு ஒரே பிரஷ் ஊர்கோலம் போகுதே, அதுதான் வம்பு. அங்க கழுவிக் காய வைக்க நேரம் இருக்காது. ஒருத்தருக்கும் அடுத்தவருக்கும் நடுவுல 70 சதவீத ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால் அடிக்கலாம். நூறு சதவீதத்தை விட 70 நல்லா வேலை செய்யும். கூட இருக்கிற தண்ணிதான் கிருமிக்குள்ள இறங்க உதவுது. ஆனா ஆல்கஹால் கிருமியைக் கொல்லுமே தவிர, பிரஷ்ல அப்பின எண்ணெய்ப் பிசுக்கை முழுசா எடுக்காது. ஆட்டு முடி, அணில் முடி பிரஷ்னா வறட்டி எடுத்துடும்.

இன்னொண்ணு, மெட்ராஸ் ஐ. அது பெரும்பாலும் அடினோ வைரஸ் வேலை. அந்த வைரஸ் ஐசோப்ரொப்பைலுக்கு லேசுல மசியாது. 2022 நவம்பர்ல தமிழ்நாடு முழுக்க பரவின மாதிரி மறுபடி வந்தா, கண் பிரஷ்ஷை யாரோடும் பங்கு போடாதீங்க. மஸ்காரா, ஐலைனருக்கு தூக்கிப் போடுற குச்சி கேளுங்க. ஆயிரக்கணக்குல காசு குடுக்குறோம், "பிரஷ் கழுவினதா அக்கா?"ன்னு கேக்குறதுல என்ன வெக்கம்?

காஸ்ட்லி பாட்டில் வாங்குறதுக்கு முன்னாடி ஒரு சோதனை. பாட்டில்ல பாதி குழாய்த் தண்ணி, சுரண்டின சோப்பு கொஞ்சம், நல்லா குலுக்குங்க. நுரை நின்னா சோப்பே போதும். பால் மாதிரி கலங்கி பிசுக்கு மிதந்தா, பெட்டிக்கடைக்கு நடங்க.

உங்க ஊர்த் தண்ணிக்கு எது ஒத்து வருதுன்னு பின்னூட்டத்துல சொல்லிட்டுப் போங்க மக்களே.

டிஸ்கி: எந்த ஷாம்பு கம்பெனியும் எனக்கு சாஷே கூட தரலை :-)