தோட்டா வேறு, குண்டு வேறு

“காயமடைந்தவர் உடலிலிருந்து தோட்டா அகற்றப்பட்டது” என்று நாளேடுகள் வாரம் தவறாமல் எழுதுகின்றன. உடலுக்குள் போவது தோட்டா அல்ல, குண்டு. தோட்டா என்பது முழுப் பொட்டலம். பித்தளைக் கூடு, அதன் அடியில் பொட்டு வைத்தாற்போல் ஒரு கேப், உள்ளே மருந்து, வாயில் செருகிய குண்டு. விசையை இழுத்தால் ஊசி கேப்பைக் குத்தும், பொறி மருந்தில் பற்றும், குண்டு குழலை விட்டுப் பறக்கும். கூடு சுட்டவன் பக்கமே தங்கிவிடும்.

சொல்லைக் குழப்பினால் வரலாறும் குழம்புகிறது. நம் இதழுக்கு வந்த கட்டுரை ஒன்று, 1857இல் சிப்பாய்கள் “குண்டைக் கடிக்க மறுத்தார்கள்” என்றது. ஈயத்தை யார் கடிப்பார்கள்? என்ஃபீல்டு துப்பாக்கியின் தோட்டா ஒரு காகிதச் சுருள். ஒரு முனையில் மருந்து, மறுமுனையில் குண்டு. மருந்து முனையைப் பல்லால் கடித்துக் கிழித்து, மருந்தைக் குழல்வாயில் கொட்டி, குண்டைக் கோலால் இடித்து இறக்க வேண்டும். அது வழுக்கி இறங்கத்தான் கொழுப்புப் பூச்சு. பிறகு கேப்பைப் பொருத்தினால், ‘குதிரை’ எனப்படும் சுத்தி அதன்மேல் விழுந்ததும் அது வெடிக்கும். தீபாவளிக்குப் பொட்டு கேப் வைத்துச் சுட்ட பிள்ளைகளுக்கு இது கைப்பழக்கம்.

அந்தப் பூச்சு பசுக்கொழுப்பு, பன்றிக்கொழுப்பு என்ற பேச்சு உதட்டைத் தொட்டது, தோட்டாவைப் பல்லால் கடிக்க வேண்டியிருந்ததால்தான். பல்லால் வேண்டாம், கையால் கிழித்தால் போதும் என்று ஆங்கிலேயர்கள் பயிற்சியையே மாற்றிப் பார்த்தார்கள். அப்படியும் ஏப்ரல் 24 அன்று மீரட்டில் 90 சிப்பாய்களில் 85 பேர் தோட்டாவை வாங்க மறுத்தார்கள்.

‘துப்பாக்கிச் சூடு நடந்தது’ என்று எழுதி முடித்துவிடுவது இன்னொரு வழக்கம். ஜாலியன்வாலா பாகை எடுத்துக்கொள்வோம். 1919 ஏப்ரல் 13. சுட்டவர்கள் ஏறத்தாழ 50 பேர், தீர்ந்தது 1650 தோட்டா. ஆளுக்கு 33. அவர்கள் கையிலிருந்த லீ-என்ஃபீல்டின் மேகசின் பத்துத் தோட்டாதான் கொள்ளும். அப்படியானால் சுட்டுத் தீர்த்து, கையைப் பைக்குள் விட்டு, புதுத் தோட்டாக்களை எடுத்து நிரப்பி, மறுபடி தோளில் வைத்துக் குறிபார்த்திருக்கிறார்கள். ஒரு தடவை அல்ல, குறைந்தது மூன்று தடவை.