கூலிங் பேடு வாங்கும் முன் பஞ்சைப் பாருங்கள்

வெயில் காலம் வந்துவிட்டால் போதும், "லேப்டாப் ரொம்பச் சுடுகிறது, எந்தக் கூலிங் பேடு வாங்கலாம்?" என்று என்னிடம் கேட்க ஆரம்பித்து விடுவார்கள். எங்கள் திருப்பூர்க்காரர்களுக்கு என் பதில் ஒன்றுதான்: இப்போதைக்கு எதையும் வாங்காதீர்கள்.

காரணம் சொல்கிறேன். என் மச்சான் நிட்டிங் ஜாப் ஒர்க் செய்கிறார். தனி ஆபீஸ் கிடையாது. மெஷின் ஓடும் ஹாலின் மூலையில் ஒரு மேஜை, அதன்மேல் லேப்டாப், அதில் டேலி. போன வருடம் ஒரு 20-ஆம் தேதி. ஜிஎஸ்டி 3பி தாக்கல் செய்யக் கடைசி நாள். பாதி வேலையில் லேப்டாப் தானாக ஆப் ஆகிவிட்டது. ஆன் செய்தால் பத்து நிமிடம் ஓடும், மறுபடியும் ஆப். "மாப்ளே, தோசைக்கல்லாட்டச் சுடுதுங்க. அந்த பேன் வெச்ச பேடு ஒண்ணு வாங்கிட்டு வாங்க" என்றார். நானும் வாங்கிக்கொண்டு ஓடினேன்.

கோர் டெம்ப் என்ற இலவச புரோகிராமைப் போட்டுப் பார்த்தேன். பேடு இல்லாமல் 97 டிகிரி. பேடு வைத்தால் 94. அன்றைக்கு ரிட்டர்னைப் பக்கத்துக் கம்பெனி கம்ப்யூட்டரில்தான் முடித்தோம்.

மறுநாள் லேப்டாப்பின் அடி மூடியைக் கழற்றினோம். பேனுக்கும் ஹீட் சிங்க் தகடுகளுக்கும் நடுவில் பஞ்சு. தூசி மாதிரி இல்லை, துணி மாதிரியே படிந்திருந்தது. இழுத்தால் ஒரே துண்டாக வந்தது! பேடு இல்லாமலேயே அளந்து பார்த்தேன். 76 டிகிரி.

பெரும்பாலான லேப்டாப்களில் பேன் அடிப்பக்கமாகக் காற்றை இழுத்து, ஹீட் சிங்க் வழியாகப் பக்கவாட்டிலோ பின்புறமோ வெளியே தள்ளுகிறது. வெளியேறும் வழி அடைத்திருந்தால் கீழே இருந்து ஊதி என்ன பயன்? யுஎஸ்பி 2.0 போர்ட் தருவதே 5 வோல்ட், அரை ஆம்பியர். மொத்தம் 2.5 வாட்தான். நிட்டிங் மெஷின் மேலே ஒரு பேன் சுற்றுவதைப் பார்த்திருப்பீர்கள். அது நூலில் சேரும் பஞ்சை விரட்டுகிறது. கூலிங் பேடோ அதே பஞ்சை லேப்டாப்புக்குள் ஊட்டி விடுகிறது.

சூடு 100 டிகிரியை நெருங்கினால் ப்ராசசர் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். இது தெரியாமல் வைரஸ் என்று நினைத்து விண்டோஸை மறுபடி இன்ஸ்டால் செய்தவர்களை எனக்குத் தெரியும்.

பஞ்சை எடுக்கச் சொன்னவுடன் கம்பெனியில் இருக்கும் கம்ப்ரசர் கன்னைத் தூக்காதீர்கள். தையல் மெஷினுக்கு அது சரி. லேப்டாப் பேன் அந்த வேகத்தில் சுற்றினால் பேரிங் போய்விடும், காற்றோடு தண்ணீரும் எண்ணெயும் தெறிக்கும். ஆப் செய்து, சார்ஜரைக் கழற்றி, பேன் சுற்றாமல் குச்சியால் பிடித்துக்கொண்டு மெல்லிய பிரஷ்ஷால் எடுத்தால் போதும். வாரண்டி இருந்தால் திறக்கும் முன் சர்வீஸ் சென்டரில் கேட்டுக்கொள்ளுங்கள்.

இதற்குப் பிறகும் சுட்டால் பேடு வாங்கலாம். கடைக்கு லேப்டாப்பையும் எடுத்துப் போங்கள். ஓடும்போது அடியில் ஒரு டிஷ்யூ பேப்பரைக் காட்டினால் காற்று இழுக்கும் இடம் தெரியும். பேடின் பேன் அந்த இடத்துக்கு நேராக வர வேண்டும். காற்றை மேல்நோக்கி ஊதும் பேடாகவும் இருக்க வேண்டும். கீழ்நோக்கி இழுப்பது லேப்டாப் பேனோடு மல்லுக்கட்டும். நாலு சின்ன பேனைவிட ஒரு பெரிய பேன் சத்தமில்லாமல் ஓடும். நீல லைட் எரிவதற்கு நூறு ரூபாய் கூடக் கேட்பார்கள், தர வேண்டாம். 2020-ல் வந்த எம்1 மேக்புக் ஏர் போன்றவற்றில் உள்ளே பேனே கிடையாது, அடியில் ஓட்டையும் கிடையாது. அவற்றுக்கு இந்தக் கணக்கெல்லாம் பொருந்தாது.

மச்சானின் லேப்டாப் இப்போது கண்ணாடிக் கதவு போட்ட தடுப்புக்குள் போய்விட்டது. பேடு என் வீட்டில் இருக்கிறது. அதன் வலையிலும் மாதம் ஒருமுறை பஞ்சு எடுக்கிறேன்.