குரக்கனில் செய்தாலும் பியர் பியர்தான்



கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமையாக வாசியுங்கள். வீட்டில் வளர்ந்த பிள்ளைகள் இருந்தால் கட்டாயம் வாசியுங்கள்.

கொஞ்ச நாளாக எங்கள் பிள்ளைகளின் போன்களில் ஒரு வகை வீடியோ சுற்றுகிறது. குளுட்டன் இல்லாத பியரை வீட்டிலேயே செய்யலாமாம். பார்லி தேவையில்லையாம். குரக்கன், இறுங்கு, சோளன், அரிசி போதுமாம். இயற்கையானதாம், வயிற்றுக்கு நல்லதாம். அதன் கீழே எங்கள் இளைஞர்கள் கேட்கிறார்கள்: "இது சாதாரண பியர் இல்லைதானே, அப்ப பரவாயில்லையா?"

பரவாயில்லை என்று சொல்ல யாரும் முந்துவதற்குள் ஆசிரியர்களாகிய நாங்கள் பேசியாக வேண்டும்.

முதலில் குளுட்டன் என்றால் என்ன? கோதுமை, பார்லி, ரை ஆகிய தானியங்களில் உள்ள புரதம் அது. பரோட்டா மா இழுபட்டு வருவது அதனால்தான். பெரும்பாலானோருக்கு அதனால் ஒரு கெடுதியும் இல்லை. சீலியாக் என்ற நோய் உள்ளவர்களுக்கு மட்டும் அது சிறுகுடலைப் புண்ணாக்கிவிடும். உலகில் நூற்றுக்கு ஒருவர் அளவில் இந்த நோய் இருக்கிறது.

இதைக் கண்டுபிடித்த கதையைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுங்கள். வில்லெம் டிக்கே என்பவர் ஒல்லாந்து நாட்டுக் குழந்தை வைத்தியர். கோதுமைதான் இந்தப் பிள்ளைகளுக்கு எதிரி என்று அவர் முன்பே சந்தேகித்திருந்தார். இரண்டாம் உலகப் போரில், 1944-45 குளிர்காலத்தில், அந்த நாட்டில் பெரும் பஞ்சம் வந்தது. பாண் கிடைக்கவில்லை. ஊரே பட்டினியில் வாடியபோது இந்த நோயுள்ள பிள்ளைகள் மட்டும் தேறினார்கள். பாண் திரும்பி வந்ததும் மறுபடி நோயில் விழுந்தார்கள். அவருடைய சந்தேகம் உறுதியானது. "குளுட்டன் இல்லாத" என்ற சொல்லுக்குப் பின்னால் இருப்பது அந்தப் பிள்ளைகளின் வயிறு. நோயாளியின் சாப்பாட்டுத் தட்டுக்கு உரிய அந்தச் சொல்லைத் தூக்கி ஒரு சாராயப் போத்தலில் ஒட்டி, "ஆரோக்கியம்" என்று விற்கிறார்கள். எங்கள் கோபம் இங்கேதான் தொடங்குகிறது.

சரி, அந்தப் பானையில் நடப்பது என்ன? தானியத்தை நனைத்து முளைக்க வைக்கிறார்கள். முளையில் உண்டாகும் நொதியம் மாப்பொருளைச் சீனியாக்குகிறது. அந்தச் சீனியை ஈஸ்ட் தின்று எத்தனோலும் காபனீரொட்சைட்டும் விடுகிறது. காற்றின்றிய சுவாசம் என்று விஞ்ஞானப் பாடத்தில் படிப்பிப்பது இதைத்தான். பார்லியில் வந்த எத்தனோலுக்கும் குரக்கனில் வந்த எத்தனோலுக்கும் எந்த வித்தியாசமும் இல்லை. குளுட்டன் போய்விட்டது, போதை அப்படியே இருக்கிறது.

இது புதுக் கண்டுபிடிப்பும் இல்லை. நேபாளத்திலும் சிக்கிமிலும் குரக்கனில் தொங்பா என்று காலங்காலமாகச் செய்கிறார்கள். ஆபிரிக்காவில் இறுங்கில் செய்கிறார்கள். 1988இல் நைஜீரியா பார்லி மோல்ட் இறக்குமதியைத் தடைசெய்ததும் அங்குள்ள பெரிய பியர் கம்பனிகள் இறுங்குக்கும் சோளனுக்கும் மாறின. அது யாருடைய குடலையும் காப்பாற்ற அல்ல, வெளிநாட்டுச் செலாவணியை மிச்சம் பிடிக்க.

மார்க்கம் என்ன சொல்கிறது என்று கேட்கும் இளைஞர்களே, உங்கள் கேள்வி 1400 வருடங்களுக்கு முன்பே கேட்கப்பட்டுவிட்டது. யெமனிலிருந்து வந்த ஒருவர், தங்கள் ஊரில் இறுங்கு வகைத் தானியத்தில் செய்யும் "மிஸ்ர்" என்ற பானத்தைப் பற்றி நபி (ஸல்) அவர்களிடம் கேட்டார். ஸஹீஹ் முஸ்லிமில் இருக்கிறது. நபியவர்கள் திருப்பிக் கேட்டது ஒன்றே ஒன்று: அது போதை தருமா? ஆம் என்றார் வந்தவர். போதை தருவதெல்லாம் ஹராம் என்று தீர்ப்பு வந்தது. அது என்ன தானியம், வீட்டில் செய்ததா, கடையில் வாங்கியதா என்ற விசாரணையே இல்லை. உமர் (ரலி) அவர்களும் மிம்பரில் நின்று திராட்சை, பேரீத்தம்பழம், தேன், கோதுமை, பார்லி என்று ஐந்தின் பெயரைச் சொல்லிவிட்டு, அறிவை மறைப்பதெல்லாம் மதுதான் என்று பட்டியலைத் திறந்தே வைத்தார்கள். அதில் குரக்கனும் அடங்கும்.

"அப்படியென்றால் பழஞ்சோறும் ஆப்ப மாவும் புளிக்கிறதே, அதிலும் கொஞ்சம் இருக்குமே" என்று சில கெட்டிக்காரர்கள் வருவார்கள். இருக்கட்டும். ஒரு சட்டி பழஞ்சோறு தின்றவன் வயிறு நிறைந்து வயலுக்குப் போவான். வாய் குழறி மனைவியை அடிக்கப் போகமாட்டான். எவ்வளவு தின்றாலும் போதை தராத ஒன்றையும், போதைக்காகவே காய்ச்சும் ஒன்றையும் ஒரே தராசில் வைப்பது விதண்டாவாதம்.

"குரக்கனில் கல்சியம் இருக்கிறது" என்பார்கள். உண்மைதான், 100 கிராமில் ஏறத்தாழ 340 மில்லிகிராம். அது வேண்டுமென்றால் கஞ்சியாகக் குடி, ரொட்டியாகத் தின். வடிகட்டிச் சக்கையை மாட்டுக்குப் போட்டுவிட்டு, நார்ச்சத்தெல்லாம் போன தண்ணீரைச் சத்துணவு என்று சொல்லாதே.

"அளவோடு குடித்தால் ஒன்றுமில்லை" என்பார்கள். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 1988இலேயே மதுபானத்தை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் முதலாம் வகுப்பில் சேர்த்துவிட்டது. 2019இல் மட்டும் மதுவால் உலகில் 26 இலட்சம் பேர் இறந்தார்கள் என்பது அதே நிறுவனத்தின் கணக்கு.

"வீட்டுக்குள் செய்தால் யாருக்கு என்ன?" என்பார்கள். 1912ஆம் ஆண்டின் 8ஆம் இலக்க மதுவரிச் சட்டத்தின்படி இந்த நாட்டில் அனுமதிப்பத்திரம் இல்லாமல் மது உற்பத்தி செய்வது குற்றம். வீடியோ போட்டவன் எங்கேயோ இருக்கிறான். நீதிமன்றத்தில் நிற்கப்போவது எங்கள் பிள்ளை. அதைவிடப் பெரிய பயம் வேறொன்று. ஈஸ்டும் சீனியும் வைத்துப் புளிக்க வைக்கப் பழகிய கைக்குக் கசிப்பு தூரமில்லை. படுவான்கரைத் தாய்மாரிடம் போய்க் கேளுங்கள், அந்தப் பானை ஒரு வீட்டை என்ன செய்யும் என்று.

தமிழ் உறவுகளே, எங்கள் மார்க்கச் சட்டத்தை உங்கள் மேல் சுமத்த வரவில்லை. ஆனால் குடியால் வரும் கண்ணீருக்கு இனமும் மதமும் இல்லை. 2017இல் கல்குடா கும்புறுமூலையில் மெண்டிஸ் கம்பனியின் எத்தனோல் தொழிற்சாலை எழும்பியபோது இந்த மாவட்டத்தில் எதிர்ப்புக் கிளம்பியதை மறந்துவிட வேண்டாம். செய்தி சேகரிக்கப் போன ஊடகவியலாளர்கள் தாக்கப்பட்டது நாடெங்கும் பேசப்பட்டது. பெரிய தொட்டி வரும்போது கொடி பிடிப்பதும், சின்னப் பானை குசினிக்குள் வரும்போது "இயற்கையானது" என்று ரசிப்பதும் ஒத்துவராத காரியம்.

வேண்டாம் என்று சொல்வதோடு முடிப்பது எங்களுக்குச் சம்மதமில்லை. செய்ய வேண்டியவை இருக்கின்றன.

கோதுமை இந்த நாட்டில் விளைவதில்லை, அத்தனையும் கப்பலில் வருகிறது. 2022 நெருக்கடியில் மாவின் விலை ஏறி, பாண் எட்டாக்கனியானதை எல்லோரும் பார்த்தோம். சேனையில் விளையும் குரக்கனுக்கும் சோளனுக்கும் சந்தை வேண்டுமா? பாடசாலைச் சிற்றுண்டிச்சாலையில் வாரத்தில் இரண்டு நாள் குரக்கன் ரொட்டியும் அவித்த சோளனும் வைக்கட்டும். நோன்பு திறக்கும் மேசையில் கோதுமை மா ரோல்ஸ் இருக்கும் இடத்தில் ஒரு தட்டு குரக்கன் புட்டும் இருக்கட்டும். விவசாயிக்கு மது கம்பனியை விட்டால் வேறு ஆள் இல்லை என்ற பேச்சு அன்றோடு அடங்கும்.

கடைக்காரர்களுக்கு ஒரு வேண்டுகோள்: குரக்கன் ரொட்டியில் கோதுமை மா கலந்தால் கலந்தது என்று சொல்லுங்கள். சீலியாக் நோயாளிக்கு அது ருசி சம்பந்தப்பட்ட விசயம் இல்லை. மத்திய கிழக்கிலிருந்து பெட்டி பெட்டியாக வரும், மதுசாரம் இல்லாத மோல்ட் பானங்களும் பெரும்பாலும் பார்லியில் செய்தவைதான். போதை இல்லாவிட்டாலும் அந்த நோயாளிக்கு ஆகாது.

பெற்றோரே, பிள்ளைக்கு விடாத வயிற்றோட்டம், இரத்தச்சோகை, வளர்ச்சிக் குறைவு என்றால் டொக்டரிடம் காட்டி, சீலியாக்காக இருக்குமா என்று கேளுங்கள். இரத்தப் பரிசோதனை செய்வதற்கு முன் நீங்களாகவே கோதுமையை நிறுத்திவிடாதீர்கள், நோய் இருந்தும் பரிசோதனையில் தெரியாமல் போகலாம்.

இளைஞர்களே, அடுத்த முறை அந்த வீடியோ வந்தால் என்ன தானியம் என்று பார்க்காதீர்கள். யெமன்காரரிடம் கேட்கப்பட்ட அதே கேள்வியைக் கேளுங்கள்: அது போதை தருமா? பதில் ஆம் என்றால் விரலை மேலே தள்ளிவிட்டுப் போய்க்கொண்டே இருங்கள்.

நன்மை என்று பட்டால் மற்றவர்களுக்கும் பகிருங்கள். மறுப்பு இருந்தால் மரியாதையோடு எழுதுங்கள், பதில் தருவோம். வஸ்ஸலாம்.