மூன்று சர்வர் வேலையை ஒன்று செய்யுமா?

உங்கள் விண்டோஸ் கம்ப்யூட்டரில் கண்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் ஆகிய மூன்று கீகளையும் சேர்த்து அழுத்துங்கள். டாஸ்க் மேனேஜர் திறக்கும். அதில் சிபியு எத்தனை சதவீதம் இயங்குகிறது என்று பாருங்கள். கடிதம் டைப் செய்யும்போது பெரும்பாலும் மிகக் குறைவாகத்தான் காட்டும். காசு கொடுத்து வாங்கிய பிராசசர் சும்மா இருக்கிறது. அலுவலக சர்வர்கள் பலவற்றின் கதையும் இதுதான்.

ஒரு கல்லூரியை எடுத்துக் கொள்வோம். அட்மிஷனுக்கு ஒரு சர்வர், கணக்குப் பிரிவுக்கு ஒன்று, நூலகத்திற்கு ஒன்று. முதலாவது மே, ஜூனில் திணறும். மற்ற மாதங்களில் தூங்கும். கணக்குப் பிரிவுக்கு மார்ச்சில்தான் நெருக்கடி. ஆனால் மூன்றுக்கும் ஆண்டு முழுவதும் மின்சாரமும் ஏசியும் கொடுத்தாக வேண்டும். இதற்கு வந்த வழிதான் விர்ச்சுவலைசேஷன். ஒரே இயந்திரத்தின் மெமரியையும் பிராசசரையும் ஒரு சாப்ட்வேர் பங்கிட்டு, மூன்று தனித்தனி கம்ப்யூட்டர்கள் போல இயக்கும். மே மாதம் அட்மிஷனுக்குக் கூடுதல் பங்கு, மார்ச்சில் கணக்குக்கு. இது புதிதல்ல, ஐ.பி.எம். தன் பெரிய கம்ப்யூட்டர்களுக்கு 1972லேயே விஎம்/370 என்று இதனை அறிவித்தது. பிசி வகை சர்வர்களுக்கு விஎம்வேர் 2001ல் கொண்டு வந்தது.

நல்ல ஏற்பாடுதான். ஆனால் விற்பவர்கள் "செலவு மிச்சம்" என்பதோடு நிறுத்திக் கொள்வது எனக்குப் பிடிக்கவில்லை. விர்ச்சுவலைசேஷன் புதிதாகத் திறன் எதையும் உண்டாக்குவதில்லை. இருப்பதைப் பங்கிடுகிறது, அவ்வளவே. மூன்று பிரிவுக்கும் ஒரே நாளில் கூட்டம் வந்தால் மூன்றும் திணறும். ஆகவே வாங்கும் முன், யாருக்கு எந்த மாதம் நெருக்கடி என்று கணக்கெடுங்கள். இன்னொன்று, அந்த ஒற்றை இயந்திரத்தின் பவர் சப்ளை போனால் அட்மிஷன், கணக்கு, நூலகம் எல்லாமே படுத்துவிடும். மாற்று இயந்திரம் ஒன்று கட்டாயம் வேண்டும். மூன்றுக்குப் பதில் இரண்டு என்றால் மிச்சம் பெரிதாகத் தெரியாது. பத்து சர்வர்களை மூன்றாக்கும் இடத்தில் நன்றாகவே தெரியும்.

ஆண்டில் நான்கைந்து நாள்தான் கூட்டம் என்றால், வாடகைக்கு எடுப்பதே மேல் என்பேன். அமேசான் 2006ல் விர்ச்சுவல் சர்வர்களை மணிக்கணக்கில் வாடகைக்கு விடத் தொடங்கியது. கல்யாணத்திற்குப் பாத்திரம் எடுப்பது போலத்தான். வேலை முடிந்ததும் திருப்பித் தர மறந்தால் பில் ஏறிக் கொண்டே போகும்!

வீட்டிலேயே சோதித்துப் பார்க்க ஆசையா? விர்ச்சுவல்பாக்ஸ் இலவசமாகக் கிடைக்கிறது. 8 ஜிபி ராம் உள்ள கம்ப்யூட்டரில் அதை நிறுவி, உள்ளே லினக்ஸ் போட்டு, 2 ஜிபி கொடுங்கள். இரண்டும் இயங்கும். அடுத்து 6 ஜிபி கொடுத்துப் பாருங்கள்; விண்டோஸ் நொண்ட ஆரம்பிக்கும்.