அத்தனையும் நிஜம்!

என் நண்பர் ஒருவர் வீட்டில் சினிமாப் பாட்டுக் கிடையாது. மாமியாரும் மருமகளும் ஒருவருக்கொருவர் விஷம் வைத்துக் கொள்ளும் தொடர் நாடகங்கள் கிடையாது. நாவல்களும் ஏறக்குறையக் கிடையாது. நான் கொடுத்த இரண்டு மூன்று புத்தகங்களை மட்டும் மரியாதைக்காகக் கண்ணாடி அலமாரியில் வைத்திருக்கிறார். அவற்றை யாரும் பிரித்ததாகத் தெரியவில்லை.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் வீட்டுக்குச் சாப்பிடப் போயிருந்தேன். கூடத்தில் டெலிவிஷன் ஓடிக் கொண்டிருந்தது. அன்று காலை முதல் இரவு வரை ஒரு சானலில் இயற்கை, விஞ்ஞான டாக்குமெண்டரிகளாகவே போடுகிறார்களாம். ஏழாம் வகுப்புப் படிக்கும் அவருடைய பையன் கண்ணிமைக்காமல் பார்த்துக் கொண்டிருந்தான். நண்பருக்கு ஒரே பெருமை.

"கதை எழுதறவர் நீங்க, கோவிச்சுக்கக் கூடாது. எங்க வீட்டிலே கற்பனைச் சரக்கே உள்ளே வரதில்லே. பையன் பார்க்கிறதெல்லாம் இதுதான். அத்தனையும் நிஜம்!" என்றார்.

நான் கோபித்துக் கொள்ளவில்லை. பையனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பாட்டு நேரம் போக அன்று முழுவதும் பார்த்தேன். பார்க்கப் பார்க்கத்தான் கோபம் வந்தது. நண்பர் மேல் அல்ல.

ஆப்பிரிக்கப் புல்வெளியில் ஒரு சிவிங்கிப்புலி. அதற்கு மூன்று குட்டிகள். தாய்க்கு ஒரு பெயர் வைத்திருந்தார்கள். குட்டிகளுக்கும் பெயர் உண்டு. தமிழ்க் குரல் கொடுத்தவர் நம்முடைய பழைய திகில் நாடகங்களில் பயின்றவராக இருக்க வேண்டும். 'அந்தத் தாய்க்குத் தெரியாது, இன்று மாலைக்குள் அவள் வாழ்க்கையே மாறப் போகிறது என்று!' என்று அவர் இழுத்த இழுப்பில் எனக்கே வயிற்றைக் கலக்கியது. அவள் வேட்டைக்குப் போகிறாள், குட்டிகளை நோக்கிக் கழுதைப்புலி வருகிறது, அவள் காதை நிமிர்த்துகிறாள், கழுதைப்புலி சிரிக்கிறது, வயலின்கள் கதறுகின்றன, விளம்பரம் வருகிறது. சரியான இடத்தில் 'தொடரும்' போடுவது எப்படி என்பதை வாரப் பத்திரிகைகளில் தொடர்கதை எழுதி நானும் கொஞ்சம் அறிந்தவன். ஆகவே எனக்குச் சந்தேகம் தட்டியது. அதற்குப் பிறகு மிருகங்களை விட்டுவிட்டு நிழல்களைக் கவனித்தேன். தாய் காதை நிமிர்த்தும்போது புல்லின் நிழல் இடப்பக்கம் விழுகிறது. அதே விநாடியில் வருவதாகச் சொல்லப்படும் கழுதைப்புலியின் நிழல் உச்சி வெயிலில் அதன் காலடியிலேயே கிடக்கிறது. துரத்தப்படும் மானுக்கு ஓட ஆரம்பிக்கும்போது ஒரு கொம்பு முனை ஒடிந்திருக்கிறது. பிடிபடும்போது இரண்டு கொம்பும் முழுசாக இருக்கின்றன. ஓடுகிற ஓட்டத்தில் கொம்பு முளைக்கும் மானை இராமாயணத்தில் கூட நான் படித்ததில்லை.

இதைத்தான் நான் இருபது வருஷமாகச் செய்து வருகிறேன். மூன்று அத்தைகளைச் சேர்த்து ஒரு அத்தை. திருச்சியில் நடந்த சண்டையையும் மாம்பலத்தில் கேட்ட அழுகையையும் சேர்த்து ஒரு அத்தியாயம். அதில் எனக்கு வெட்கம் கிடையாது. ஆனால் அதற்குக் கதை என்று பெயர் போட்டு விற்கிறேன். 'பெயர்களும் சம்பவங்களும் கற்பனையே' என்று பொடி எழுத்திலாவது அச்சிட்டு விடுகிறோம். என் தொழிலை இன்னொருவர் செய்யட்டும், ஆட்சேபணை இல்லை. செய்துவிட்டு, 'நாங்கள் சத்திய சந்தர்கள், கதைக்காரர்கள்தான் பொய்யர்கள்' என்ற மதிப்பையும் வாங்கிக் கொண்டு போவது எந்த ஊர் நியாயம்?

இது புதிய நோய் அல்ல. வால்ட் டிஸ்னி கம்பெனியார் 1958-ல் 'ஒயிட் வைல்டர்னஸ்' என்றொரு படம் எடுத்தார்கள். வட துருவத்தை ஒட்டிய பிரதேசங்களில் லெம்மிங் என்று ஒரு பிராணி உண்டு; பருமனான எலி என்று வைத்துக் கொள்ளலாம். அவை கூட்டம் கூட்டமாகப் போய்ச் சமுத்திரத்தில் விழுந்து பிராணத்தை விடுவதாக அந்தப் படம் காட்டியது. சிறந்த டாக்குமெண்டரி என்று ஆஸ்கார் பரிசும் வாங்கிற்று. நடந்தது என்ன என்பதை 1982-ல் கனடா நாட்டு டெலிவிஷன்காரர்கள் கிளறினார்கள். படம் எடுத்த இடம் கனடாவின் ஆல்பர்ட்டா மாகாணம். அங்கே சமுத்திரமே இல்லை, படத்தில் வந்த லெம்மிங்குகளும் அந்த ஊர்ப் பிராணிகள் இல்லை. வேறொரு மாகாணத்தில் இன்யூட் குழந்தைகளிடம் காசு கொடுத்து அவற்றை வாங்கி வந்து, பனி பரப்பிய சுழல் மேடையில் ஓடவிட்டுச் சில டஜன்களைப் பெருங்கூட்டமாகக் காட்டி, கடைசியில் ஓர் ஆற்றங்கரைப் பாறையிலிருந்து தள்ளியிருக்கிறார்கள். தற்கொலை என்று உலகம் கண்ணீர் விட்டது, நடந்தது கொலை. அந்த மூட நம்பிக்கை படத்துக்கு முன்பே உண்டு என்பது வாஸ்தவம். ஆனால் அதற்குக் கண்ணால் கண்ட சாட்சி என்ற அந்தஸ்தைக் கொடுத்தது படம். இங்கிலீஷ் பேசுகிறவர்கள் யோசனையில்லாமல் அழிவை நோக்கி ஓடும் கும்பலை இன்றைக்கும் லெம்மிங் என்கிறார்கள். ஒரு பொய்க்கு இதைவிட ஆயுசு வேண்டுமா?

அது அந்தக் காலம், இப்போது அப்படியெல்லாம் இல்லை என்பீர்கள். 2011-ல் பி.பி.சி.யின் 'ஃப்ரோஸன் பிளானட்' வந்தது. பனிப்புயல் சீறும் வெளி. உடனே அடுத்த காட்சியில் பனிக் குகைக்குள் தாய்க் கரடியின் மடியில் அப்போதுதான் பிறந்த குட்டிகள். அந்தக் குகை துருவத்தில் இல்லை. நெதர்லாந்தில் ஒரு மிருகக்காட்சிச் சாலையில் இருந்தது. இங்கே நான் நியாயமாகப் பேச வேண்டும். பிரசவித்த கரடியின் குகைக்குள் காமிராவை நுழைத்தால் தாய் மிரண்டு குட்டிகளுக்கே ஆபத்தாக முடியலாம். மிருகக்காட்சிச் சாலையில் எடுத்ததுதான் சரி. எப்படி எடுத்தோம் என்பதை இண்டர்நெட்டில் போட்டும் இருந்தார்கள். என் கேள்வி ஒன்றே ஒன்று: அதைப் படத்திலேயே ஒரு வரியில் சொல்லியிருந்தால் என்ன? சொன்னால் படத்தின் மயக்கம் கலைந்துவிடும் என்று டேவிட் அட்டன்பரோவே சமாதானம் சொன்னார். எனக்கு அவரிடத்தில் அபாரமான மரியாதை. ஆனால் இந்தச் சமாதானம் நாவலாசிரியன் சொல்ல வேண்டியது. சாட்சி சொல்ல வந்தவர் சொல்லக் கூடாது.

2016-ல் 'பிளானட் எர்த்' இரண்டாம் வரிசையில் காலாபகோஸ் தீவொன்றின் கடல் ஓணான் குஞ்சு, பாம்புக் கூட்டத்திலிருந்து தப்பி ஓடியதை உலகம் மூச்சைப் பிடித்துக் கொண்டு பார்த்தது. நானும் பார்த்தேன், கைதட்டினேன். அது ஒரே குஞ்சு அல்ல, வெவ்வேறு குஞ்சுகளை எடுத்த துண்டுகளை ஒட்டியது என்று பிறகு தயாரிப்பாளரே ஒப்புக் கொண்டார். சத்தங்களின் கதையும் இதுதான். வெகு தூரத்திலிருந்து பெரிய லென்ஸில் எடுக்கிறார்கள். அவ்வளவு தூரத்துச் சத்தத்தை ஒலிவாங்கி பிடிக்காது. பனியில் கரடி நடக்கும் அந்த 'சரக் சரக்' எங்கோ ஒரு ஸ்டூடியோவில், காலுறைக்குள் கஸ்டர்ட் மாவை அடைத்து ஒருவர் அமுக்கும் சத்தமாக இருக்கலாம்.

இவையாவது நிஜத்துக்குப் பூசிய அரிதாரம். விஞ்ஞானத்தின் பெயரால் முகத்தையே மாற்றியவர்களும் உண்டு. 2012-ல் அனிமல் பிளானட் சானல், கடற்கன்னியின் சடலம் அகப்பட்டதாக ஒரு 'டாக்குமெண்டரி' போட்டது. ஜனங்கள் நம்பிக் கேள்வி கேட்க ஆரம்பித்து, கடல்கன்னி இருப்பதற்கு ஆதாரம் இல்லை என்று அமெரிக்க அரசாங்கத்தின் சமுத்திர இலாகாவே அறிவிக்கும்படி ஆயிற்று. அடுத்த வருஷம் டிஸ்கவரி சானல், முப்பது லட்சம் வருஷங்களுக்கு முன்பே அற்றுப்போன மெகலொடான் என்னும் ராட்சதச் சுறா இன்னும் திரிவதாகக் காட்டியது. அதில் வந்த விஞ்ஞானிகள் நடிகர்கள். என் நண்பர் வீட்டுப் பையனிடம் கேட்டேன். அந்தச் சுறா இருக்கிறது என்று அடித்துச் சொல்கிறான். அப்பாவும் ஆமோதித்தார்! கற்பனைச் சரக்கு உள்ளே வராத வீடு அது.

எல்லாப் படமும் மோசடி என்று நான் சொல்லவில்லை. ஒரு சில நிமிஷப் படத்துக்காக மாதக் கணக்கில் பனியிலும் அட்டையிலும் கிடக்கிற காமிராக்காரர்களின் தவத்துக்கு முன் என் மேஜை நாற்காலி எழுத்து ஒரு சோம்பேறி வேலை. 1979-ல் ஒளிபரப்பான 'லைஃப் ஆன் எர்த்' தொடரில், கட்டை விரலின் பெருமையைப் பற்றிப் பேச ருவாண்டா மலைக்குப் போன அட்டன்பரோ, கொரில்லாக்கள் வந்து தம் மேல் சாய்ந்து விளையாட ஆரம்பித்ததும் பேச வந்ததையே விட்டுவிட்டார். அந்த இடத்தில் நாடகம் இல்லை, வயலின் இல்லை; ஒரு மனிதன் தன்னை மறந்து உட்கார்ந்திருக்கிறான். ஏன் அது இன்றைக்கும் பேசப்படுகிறது என்று இந்தத் திகில் வியாபாரிகள் யோசிக்க வேண்டாமா?

இன்னொரு பொய் இருக்கிறது. அது சொல்லாமல் விடும் பொய். அன்று நான் பார்த்த அத்தனை காடுகளிலும் ஒரு மனிதன் இல்லை. விறகு சுமக்கிற கிழவி இல்லை. மாடு மேய்க்கிற பையன் இல்லை. 1959-ல் 'செரெங்கெட்டி சாகக் கூடாது' என்ற ஜெர்மன் படம் வந்து அதுவும் ஆஸ்கார் பரிசு பெற்றது. பெர்ன்ஹார்ட் கிரிஸிமெக்கும் அவர் மகன் மைக்கேலும் வரிக்குதிரைக் கோடு போட்ட விமானத்தில் பறந்து மிருகங்களை எண்ணினார்கள். மகன் விமானம் விழுந்து இறந்தே போனார். அவர்களுடைய அன்பு பெரிது, சந்தேகமில்லை. ஆனால் அந்த அன்பில், அங்கே தங்கள் மாடுகளோடு திரிந்த மஸாய் மக்களுக்கு இடமில்லை. சரணாலயத்துக்குள் மனிதன் கூடாது, அந்த மண்ணின் மனிதனும் கூடாது என்பது கிரிஸிமெக்கின் கட்சி. மஸாய்களை செரெங்கெட்டியிலிருந்து வெளியேற்றியதும் அதே காலத்தில்தான். சட்டத்துக்கு உள்ளே இடம் கிடைக்காத மனிதன் காட்டுக்கு உள்ளேயும் இடமில்லாமல் போகிறான். சட்டம் என்று நான் சொல்வது படச் சட்டத்தை. மற்றதையும் சேர்த்துக் கொண்டாலும் தவறில்லை.

நம் ஊர் வேடந்தாங்கல் எப்படிப் பிழைத்தது? வெள்ளைக்காரச் சிப்பாய்கள் பறவைகளைச் சுட்டபோது, ஊர்க்காரர்கள் கலெக்டரிடம் போய் முறையிட்டுப் பதினெட்டாம் நூற்றாண்டின் முடிவிலேயே எழுத்து மூலம் பாதுகாப்பு வாங்கினார்கள். பறவை எச்சம் விழுந்த ஏரித் தண்ணீர் தங்கள் வயலுக்கு உரம் என்று அவர்களுக்குத் தெரியும். சிவகங்கைச் சீமையில் வேட்டங்குடியை ஒட்டிய கிராமத்தில் பறவைகளுக்காகத் தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை. இதை எப்படிப் படம் பிடிப்பது? வெடிக்காத வெடிக்கு என்ன பின்னணி இசை போடுவது?

அந்தப் பையனை நான் சென்ற தை மாதம் வேடந்தாங்கலுக்கு அழைத்துப் போயிருந்தேன். ஏரி நிறைய மரங்கள். மரங்கள் நிறையப் பறவைகள். நத்தைக்குத்தி நாரைகள் கூட்டுக்குக் குச்சி கொண்டு வந்து வைப்பதும், வைத்தது சரியில்லை என்று எடுத்து மறுபடி வைப்பதுமாக இருந்தன. கூழைக்கடாக்கள் தண்ணீரில் சும்மா மிதந்தன. நீர்க்காகம் ஒன்று சிறகை விரித்து வெயிலில் காயப்போட்டுக் கொண்டு நின்றது. அரை மணி நேரமும் அப்படியே நின்றது. எனக்கு வேறெங்கும் போகத் தோன்றவில்லை.

பையன் என் சட்டையை இழுத்தான்.

"மாமா, எப்போ ஏதாவது நடக்கும்?"

"நடந்துண்டுதானே இருக்கு?"

"இல்லே மாமா. ஏதாவது வந்து பிடிக்குமா? பாம்பு, முதலை, அந்த மாதிரி?"

எனக்குச் சொரேரென்றது. அவன் கெட்டிக்காரப் பையன். ஆயிரம் பிராணிகளின் பெயர் சொல்லுவான். ஆனால் வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு நாரையை நேரில் பார்க்கும்போது அவனுக்கு அது மோசமாக எடுக்கப்பட்ட படமாகத் தெரிகிறது. பொழுதெல்லாம் சும்மா உட்கார்ந்திருப்பதுதான் பறவையின் வாழ்க்கையில் முக்கால் பங்கு என்பதை அவனுக்கு யாரும் காட்டவில்லை. 'பத்மாவதி சரித்திரம்' எழுதிய அ. மாதவையாவின் மகன் மா. கிருஷ்ணன், கல்கத்தா 'ஸ்டேட்ஸ்மன்' பத்திரிகையில் 1950 முதல் 1996-ல் காலமாகும் வரை இயற்கையைப் பற்றி எழுதி வந்தார். யானையையும் எழுதினார், அணிலையும் காக்கையையும் எழுதினார். கறுப்பு வெள்ளைப் படந்தான் எடுத்தார். நாவலாசிரியர் வீட்டுப் பிள்ளை, நாவல் கலக்காமல் நாற்பத்தாறு வருஷம் எழுதியிருக்கிறார்! நாவலை வீட்டுக்குள் விடாதவர்களின் பிள்ளைகள் நாவலைத் தவிர வேறொன்றையும் பார்ப்பதில்லை.

அன்று இரவு சாப்பாட்டுக்குப் பிறகு என் யோசனையை நண்பரிடம் சொன்னேன். புகை பிடிக்கும் காட்சி வந்தால் திரையின் அடியில் எச்சரிக்கை போட வேண்டும் என்று நம் நாட்டில் விதி இருக்கிறது. அதே மாதிரி இந்தப் படங்களிலும் அடியில் ஒரு வரி ஓடட்டும்: 'இந்தக் கரடி மிருகக்காட்சிச் சாலையில் உள்ளது', 'இந்த ஓட்டம் நாலு மான்களை ஒட்டியது', 'இந்தச் சத்தம் ஸ்டூடியோவில் செய்தது', 'இந்தப் படத்தில் காட்டப்படாத கிராமங்கள் இத்தனை'. அதிகச் செலவில்லை. எழுத்துக்கூட்டிப் படிக்கத் தெரிந்த குழந்தைகள் படித்துக் கொள்வார்கள்.

நண்பர் வெற்றிலையை மடித்தபடி சிறிது யோசித்தார்.

"அப்படிப் போட்டுட்டா, அப்புறம் அதிலே பார்க்கிறதுக்கு என்ன ஸார் ஸ்வாரஸ்யம் இருக்கும்?" என்றார்.